உள்ளே தங்கிய தண்ணீர்

படகு எப்போது மூழ்கும்? இக்கேள்வியை யாரிடம் கேட்டாலும், புயல், சுழற்காற்று, மலை போல் எழும் அலைகள், நள்ளிரவு, மின்னல் என்று வர்ணிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நம் கதாசிரியர்களும் சினிமாக்காரர்களும் நம்மை அவ்விதம் பழக்கி வைத்திருக்கிறார்கள். கதாநாயகனுடைய படகு துறையில் கட்டிக் கிடந்தபடியே, காற்று அசையாத ஒரு நல்ல வெயில் நாளில், பார்ப்பார் ஒருவருமின்றி முழுகிப் போயிற்று என்று எழுதினால், எந்தப் பத்திராதிபர்தான் அதைப் பிரசுரிப்பார்?

ஆயினும் உண்மை என்னவோ அதுதான். உல்லாசப் படகுகளை எடுத்துக்கொண்டால், ஓடும்போது மூழ்குபவற்றைவிடக் கட்டிய இடத்திலேயே மூழ்குபவை அதிகம். அதிலும் குளிர் தேசங்களில் வசந்த காலத்து வெயிலில் மூழ்கும் படகு ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரு பூர்வ கதை உண்டு. அந்தக் கதை நடந்தது முந்திய பனிக்காலத்தில். நடந்த இடம் படகின் வயிற்றுக்குள்.

"திருநெல்வேலிச் சீமையில் பள்ளிக்கூடத்து வாத்தியாராகக் காலம் தள்ளுகிற உமக்குப் பனிக்காலத்துப் படகைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் குளிர் என்றால், மார்கழி விடியற்காலையில் பெரியவர்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வதோடு சரி. பனிக்கட்டியை நான் கண்டதெல்லாம் சர்பத்துக் கடையிலும் மீன் ஏற்றும் லாரியிலுந்தான். ஆனால் பௌதிக ஆசிரியன் என்ற முறையில், தண்ணீர் எப்படி உறைகிறது என்பதை இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறேன்.

உலகத்திலுள்ள பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் அவ்வாறே சுருங்கிக்கொண்டு வந்து, சென்டிகிரேடு அளவில் 4 டிகிரியை எட்டியதும், திடீரென்று மனம் மாறியதுபோல் விரியத் தொடங்குகிறது. 0 டிகிரியில் அது உறையும்போது இன்னும் வெகுவாக விரிந்து, 100 படித் தண்ணீர் சுமார் 109 படி இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்த ஒரு விசேஷ குணத்தினால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் பிழைக்கின்றன. இவ்வளவையும் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். கண்ணால் காணும் பாக்கியம் மாத்திரம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் கிடைத்தது.

என் தங்கை கனடா தேசத்தில் டொரான்டோ நகரத்துக்குப் பக்கத்தில் வசிக்கிறாள். அவளுக்கு இரண்டாவது பிரசவ சமயம் எங்கள் தாயாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஓர் அக்டோபர் மாதத் தொடக்கத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஆறு வாரம் தங்கினேன். தங்கையின் கணவர் ஒரு தொழிற்சாலையில் இரவு நேர வேலை பார்ப்பவர். பல வருஷத்து மிச்சப் பணத்தைச் சேர்த்து, உடன் வேலை செய்யும் இருவரோடு கூட்டாக, இருபதடி நீளமுள்ள ஒரு பழைய மோட்டார் படகை அந்தக் கோடையில் வாங்கியிருந்தார். "மச்சான், ஞாயிற்றுக்கிழமை படகைப் பார்க்கப் போகலாம்" என்று அவர் சொன்னபோது, சவாரிக்கு அழைக்கிறார் என்றே எண்ணினேன். அவரோ இரண்டு வாளி, ஒரு கம்பி, ஓர் ஏணி, இளஞ்சிவப்பு நிறத் திரவம் நிறைந்த ஆறு பெரிய பிளாஸ்டிக் குடுவைகள் ஆகியவற்றை வண்டியில் ஏற்றினார்! என் மருமகள், எட்டு வயதுக் குழந்தை, பழந்துணி மூட்டையைச் சுமந்து வந்தாள்.

ஒன்டாரியோ ஏரியை ஏரி என்று அழைப்பது நம் காதுக்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அக்கரை தெரியாது. அதிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். அத்தனை ஆழமான ஏரியாதலால் முழுவதும் உறைவது வெகு அபூர்வம். ஆனால் கரையோரத்துத் துறைகளும் ஒதுங்கிய குடாக்களும் உறைந்துவிடும். ஆகையால் அக்டோபர் பிறந்ததும் படகுக்காரர்களெல்லாரும் அவரவர் படகுகளைப் பளுதூக்கியால் எடுத்துக் கரையில் தாங்குகட்டைகள் மேல் ஏற்றுகிறார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் போர்வையால் இறுகப் போர்த்தப்பட்டு வரிசை வரிசையாக அவை நிற்கும் காட்சி, ஏதோ பெரிய பறவைகள் கூட்டமாகத் தலையை மடக்கித் தூங்குவதுபோல் இருந்தது.

அந்தத் துறையில்தான் ஒரு கிழவரைச் சந்தித்தேன். வயது எழுபத்தெட்டு. இளமையில் பின்லாந்து தேசத்திலிருந்து வந்து குடியேறிய தச்சர். மாப்பிள்ளைக்குப் படகு வித்தையில் குரு அவரே. முதல் வருஷத்துச் சிஷ்யராகையால் மாப்பிள்ளை அவர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கிழவரோ எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்: "வாத்தியாரே, படகில் தண்ணீர் எங்கெல்லாம் போகுமோ, அங்கெல்லாம் நீங்களும் போங்கள்."

படகைக் கரையேற்றியதும் அவர் செய்யச் சொன்ன முதற் காரியம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. படகின் அடியில் பின்புறம் ஒரு சிறு துவாரம் உண்டு. அதை மூடியிருக்கும் தக்கையைக் கழற்றிவிட வேண்டும். படகு என்றால் ஓட்டை இல்லாமல் இருப்பதுதானே லட்சணம்? ஆனால் கரையில் நிற்கும் படகு ஒரு பெரிய கிண்ணந்தான். மழையும் உருகிய பனியும் அதில் சேர்ந்து உறைந்தால், உள்ளே இருப்பதையெல்லாம் நொறுக்கிவிடும். சேர்ந்த தண்ணீரின் பாரத்தாலேயே தாங்குகட்டையிலிருந்து சரிந்த படகுகளும் உண்டு. இந்த யோசனை நேற்றுப் பிறந்ததல்ல. சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹெஸியாட் என்ற கிரேக்கப் புலவர், 'வேலைகளும் நாட்களும்' என்னும் தம்முடைய நூலில், மாரிக்காலத்தில் படகைக் கரைக்கு இழுத்து, மழைநீரால் மரம் உளுத்துப் போகாதபடி அடித்தக்கையை எடுத்துவிடுமாறு புத்தி சொல்லியிருக்கிறார். சுக்கானை அடுப்புப் புகைக்கு மேலே தொங்கவிடச் சொன்னவரும் அவரே. தொழில் தெரிந்த புலவர்!

அடுத்தது என்ஜின். மோட்டார் காரின் என்ஜின் தன் சூட்டைத் தணிக்கும் தண்ணீரைத் தன்னிடத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான படகு என்ஜின்களோ ஏரியையே குடித்து ஏரியிலேயே உமிழ்கின்றன. ஆதலால் கடைசிச் சவாரி முடிந்து என்ஜினை நிறுத்தும்போது, அதன் வயிற்றில் ஏரித் தண்ணீர் நின்றுவிடுகிறது. அது உறைந்தால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும். இரும்பு எங்கே, பனிக்கட்டி எங்கே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இடம் கொடாமல் அடைத்து வைத்த தண்ணீரைக் குளிர் -22 டிகிரிக்குக் கொண்டுபோனால், அது உள்ளிருந்து தள்ளும் வேகம் சுமார் 2,000 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமானமாகும். அதன் முன்னே வார்ப்பிரும்பு மண்சட்டிக்குச் சமம்.

எனவே என்ஜினின் அடியிலுள்ள வடிகுழாய்களைத் திறந்துவிட வேண்டும். மாப்பிள்ளை திறந்தார். ஒரு பக்கம் தண்ணீர் கொட்டியது. மற்றொரு பக்கம் ஒரு சொட்டும் வரவில்லை. "இந்தப் பக்கம் காலி" என்று அவர் எழுந்திருக்கப் போனார். கிழவர் கையைப் பிடித்து நிறுத்தி, கம்பியை எடுத்துக் கொடுத்தார். துவாரத்தில் குத்திப் பார்த்ததும், அடைத்துக்கொண்டிருந்த துருவும் மணலும் உதிர்ந்து, இரண்டு செம்பு தண்ணீர் சிவப்பாகக் கொட்டிற்று. தண்ணீர் வராத குழாயைக் கண்டால் 'தண்ணீர் இல்லை' என்று தீர்மானிப்பது நகரசபைக் குழாய்க்குத்தான் பொருந்தும் என்பது விளங்கியது.

பிறகுதான் அந்த இளஞ்சிவப்புத் திரவத்தின் முறை. புரோப்பிலீன் கிளைக்கால் என்ற பொருள் கலந்த உறைதடுப்பு நீர் அது. அதை என்ஜினுக்குக் குடிக்கக் கொடுத்து, புகைபோக்கும் வாய் வழியே சிவப்பாக வெளிவரும் வரையில் ஓட்ட வேண்டும். இதே வேலையைச் செய்யும் எதிலீன் கிளைக்கால் என்று இன்னொன்று உண்டு. அது தித்திக்கும் விஷம். தரையில் சிந்தியதை நக்கிய நாயும் பூனையும் செத்துப்போகும். அதனால் படகில், அதிலும் குடிதண்ணீர்க் குழாய்களில், அதை விடலாகாது. எந்த மருந்தாயினும் பழைய தண்ணீரை வடிக்காமல் அதன் தலையில் ஊற்றினால், கலந்து நீர்த்துப்போய்ப் பயனற்றதாகிவிடும்.

பாட்டரிக்கும் ஒரு பாடம் இருக்கிறது. முழுவதும் மின்சாரம் ஏற்றிய பாட்டரியின் திராவகம் -50 டிகிரியிலும் உறையாது. மின்சாரம் தீர்ந்துபோன பாட்டரியோ -10 டிகிரியை ஒட்டியே உறைந்து வெடித்துவிடும். அது நிறைந்திருக்க வேண்டும். தண்ணீர் தங்கும் இடங்களெல்லாம் காலியாக இருக்க வேண்டும்.

பிற்பகல் மூன்று மணிக்கு மாப்பிள்ளையின் தாளில் எல்லா வரிகளும் அடிபட்டுவிட்டன. போர்வையை இழுத்துக் கட்டப் போகும் சமயம், "மாமா, இந்தக் குழாயில் தண்ணீர் இருக்கிறதே!" என்று ஒரு குரல் கேட்டது. பின்புறத்து ஆசனத்தின் கீழே குழந்தை படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்த மீன்களை உயிரோடு வைத்திருப்பதற்காக முந்திய சொந்தக்காரர் அமைத்த சிறு தொட்டி அங்கே இருந்தது. மாப்பிள்ளைக்கு மீன் பிடிப்பதில் நாட்டமில்லை. ஆகையால் அத்தொட்டி அவர் தாளில் ஏறவில்லை. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய், நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலைத் துளைத்துக்கொண்டு சென்றது. அதன் வளைவில் ஓர் உள்ளங்கைத் தண்ணீர் நின்றது.

கிழவரின் முகம் மாறிவிட்டது. அந்த உள்ளங்கைத் தண்ணீர் டிசம்பரில் உறைந்து பிளாஸ்டிக் இணைப்பைப் பிளந்திருக்கும். மே மாதம் படகை ஏரியில் இறக்கும்போது, அந்தப் பிளவு ஒருவர் கண்ணிலும் படாது. ஒரு கணக்குச் சொல்கிறேன்: நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓர் அங்குல விட்டமுள்ள துவாரம் இருந்தால், அதன் வழியே விநாடிக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன்! இருபதடிப் படகுக்கு அதற்குமேல் ஜலகண்டம் வேண்டியதில்லை. குழந்தையைத் தூக்கி ஆசனத்தின் மேல் நிறுத்தி, கிழவர் தம் தொப்பியைக் கழற்றி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

நிற்க. எல்லாப் படகுகளும் கரையேறிவிடுவதில்லை. பளுதூக்கிக்கும் இடத்துக்கும் ஆகும் வாடகை சிலருக்குக் கட்டாது. சிலர் படகிலேயே குடியிருப்பவர்கள். கிழவருடைய படகு நாற்பது வருஷங்களுக்கு முன் அவரும் அவர் மனைவியும் சேர்ந்து கட்டிய மரப்படகு. மனைவி காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. மரப்படகைப் பனிக்காலம் முழுவதும் வறண்ட காற்றில் நிறுத்தினால் பலகைகள் சுருங்கி இடுக்கு விடும் என்பது அவருடைய கட்சி. ஆகவே அதைத் தண்ணீரிலேயே வைத்துக் காக்கிறார்.

தண்ணீரிலேயே இருக்கும் படகுக்கு வெளியேயும் ஒரு சத்துரு உண்டு. சுற்றிலும் உறையும் பனிப்பாளம், தண்ணீர் ஏறி இறங்கும்போதும் காற்றடிக்கும்போதும் நகர்ந்து படகை உரசும். பலகை இடுக்குகளில் நாரும் பஞ்சும் திணித்துக் கீல் பூசிய கலப்பற்றைப் பிடுங்கி எடுத்துவிடும். இதைத் தடுக்க அவர்கள் செய்யும் உபாயத்தைக் கண்டபோது, இருபது வருஷமாக நான் கரும்பலகையில் போட்ட படம் உயிர் பெற்று எழுந்தது போலிருந்தது. படகின் அடியில் துளைகளுள்ள ஒரு குழாயைத் தாழ்த்தி, அதன் வழியே காற்றைச் செலுத்துகிறார்கள். குமிழிகள் மேலே வரும்போது, அடியிலுள்ள தண்ணீரையும் உடன் இழுத்து வருகின்றன. 4 டிகிரித் தண்ணீர் கனம் மிகுந்ததாகையால் அடியில் தங்கியிருக்கும். மேலே இருப்பதைவிட அது சற்று வெதுவெதுப்பானது. அந்த அற்ப உஷ்ணமே படகைச் சுற்றி ஒரு முழம் அகலம் உறையாமல் காக்கப் போதும். மீனைப் பிழைக்க வைக்கும் அதே விதி படகையும் பிழைக்க வைக்கிறது.

ஆனால் காற்றைச் செலுத்த மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பரில் டொரான்டோவில் பனிமழை பொழிந்து, மரங்களும் மின்கம்பிகளும் முறிந்து, லட்சக்கணக்கான வீடுகள் நாட்கணக்காக இருளில் கிடந்தன. அச்சமயம் கிழவர் மூன்று இரவு படகிலேயே தங்கி, இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து, நீண்ட மரக்கழியால் படகைச் சுற்றிய பனியைக் குத்தி உடைத்தாராம். "தூக்கம் வரவில்லையா?" என்று கேட்டேன். "என் மனைவி கலப்பற்று அடித்த பலகை. தூங்கியிருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்றார்.

வெளிப் பனியோடு போராடிய கப்பல்களின் சரித்திரத்தில் இரண்டு பெயர்கள் பிரசித்தமானவை. நார்வே தேசத்து நான்சன் என்பவருக்காகக் காலின் ஆர்ச்சர் என்ற தச்ச மேதை கட்டிய 'பிராம்' என்ற கப்பல் 1892-ல் நீரில் இறங்கியது. அதன் அடி, உடைத்த தேங்காய் மூடியைப் போல் உருண்டது. பனி இருபுறமும் நெருக்கினால், கப்பல் நசுங்காமல் வழுக்கி மேலே எழும்பும்படி அமைத்திருந்தார். வடதுருவத்துப் பனியில் வருஷக்கணக்காகச் சிக்கிக் கிடந்தும் 1896-ல் அது பத்திரமாகத் திரும்பியது. இன்றும் ஆஸ்லோ நகரத்துக் காட்சிச்சாலையில் இருக்கிறது. மற்றொன்று ஷாக்கில்டனுடைய 'எண்டூரன்ஸ்'. தென்துருவத்துக் கடலில் 1915 ஜனவரியில் பனியில் அகப்பட்டது. அக்டோபர் 27-ல், கப்பல் நசுங்கிப் பிளந்துவிட்டபடியால், எல்லாரும் அதை விட்டு இறங்கினார்கள். ஆனால் அன்றைக்கே அது மூழ்கிவிடவில்லை. உடைத்த பனியே அதைப் பிடித்துத் தாங்கிக்கொண்டிருந்தது. நவம்பர் 21-ல் பனி சற்று விலகி வழி விட்டபோதுதான் கீழே போயிற்று. 2022 மார்ச்சில் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டெடுத்தார்கள். உடைத்தது ஒரு நாள், மூழ்கியது ஒரு நாள். இந்த இடைவெளியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெண்பனியின் பாரத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பஞ்சுபோல் விழுகிறதே என்று அதை அலட்சியம் செய்யக் கூடாது. நம் தேசத்திலேயே காஷ்மீரத்தில், டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிரில், தால் ஏரியின் ஓரங்கள் உறைந்துவிடும். ஷிகாராப் படகோட்டிகள் துடுப்பால் பனியை உடைத்துக்கொண்டு வழி செய்வார்கள். பெரும்பனி பெய்த இரவு படகுவீட்டுக்காரர்கள் கூரை மேல் ஏறி அதைத் தள்ளிக்கொண்டேயிருப்பார்கள். இல்லையேல் பாரம் தாங்காமல் படகுவீடு அமிழ்ந்துவிடும். ஈரப்பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோவும் இருக்கலாம். பத்துச் சதுர மீட்டர் தளத்தில் ஓரடி உயரம் விழுந்தால் கிட்டத்தட்ட 900 கிலோ. அதாவது பன்னிரண்டு ஆட்கள் ஏறி உட்கார்ந்த பாரம். படகு அவ்வளவுக்குத் தாழும்போது, வழக்கமாக நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் துவாரங்களெல்லாம் கீழே போய், தண்ணீர் உள்ளே வர ராஜபாட்டை அமைந்துவிடும்.

நவம்பர் நடுவில் நான் ஊர் திரும்பிவிட்டேன். ஏப்ரலில் ஒரு நாள் மாப்பிள்ளை தொலைபேசியில் பேசினார். அவர் குரலிலிருந்தே ஏதோ விபரீதம் என்று தெரிந்தது. கிழவர் படகுக்கு இரண்டு படகு தள்ளி, ஓர் இளைஞருடைய படகு நின்றது. வாடகை வண்டி ஓட்டுகிறவர். கடன் வாங்கிப் படகு வாங்கினவர். நானும் அவரோடு ஒருமுறை தேநீர் அருந்தியிருக்கிறேன். அவர் அசட்டைக்காரர் அல்லர். என்ஜினுக்கு உறைதடுப்பு நீர் விட்டார். காற்றுக்குழாய் போட்டார். ஞாயிறுதோறும் வந்து தளத்துப் பனியைத் தள்ளினார். ஆனால் ஏரித் தண்ணீர் என்ஜினுக்குள் நுழையுமுன் பாசியையும் செத்தையையும் பிடித்து நிறுத்தும் ஒரு வடிகட்டிக் குடுவை உண்டு. அது அவர் நினைவுக்கு வரவில்லை. ஏரித் தண்ணீர் வரும் வழியிலுள்ள வால்வும் திறந்தபடியே இருந்தது.

ஜனவரியில் வந்த ஒரு கடுங்குளிரில் குடுவை வெடித்திருக்கிறது. ஆனால் வெடித்த குடுவையைப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருந்தது. ஜனவரி முழுவதும், பிப்ரவரி முழுவதும், அவர் ஞாயிறுதோறும் வந்து பார்த்தபோது ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. படகு அன்னம்போல் மிதந்தது. மார்ச் கடைசியில் வெயில் வந்தது. ஊரே குதூகலமாகக் கம்பளிச் சட்டையைக் கழற்றியது. குடுவையிலிருந்த பனிக்கட்டியும் உருகிற்று. படகிலிருந்த தானியங்கிப் பம்பு தன்னால் இயன்ற மட்டும் தண்ணீரை இறைத்து, பாட்டரி தீர்ந்ததும் ஓய்ந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், காற்றில்லாத நேரத்தில், படகு நின்ற இடத்திலேயே அமிழ்ந்தது. மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் கூரையின் விளிம்பும் ஒரு கயிறும் மட்டுமே தெரிந்தன. தண்ணீர் மேல் எண்ணெய் வானவில்லாகப் படர்ந்திருந்தது. படகை எடுப்பதற்கும் எண்ணெயை அகற்றுவதற்கும் ஆன செலவு படகின் விலையை நெருங்கிவிட்டதாம். "படகு போயிற்று, மச்சான், கடன் மட்டும் மிதக்கிறது" என்றார் மாப்பிள்ளை. சிரிப்பு வரவில்லை.

குளிர் உடைக்கிறது, வெயில் மூழ்கடிக்கிறது. இடையில் இருக்கும் இரண்டு மாதம் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. பனிக்காலம் முடிந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று எந்த நாளில் மனம் நிம்மதி அடைகிறதோ, அந்த நாளே உண்மையில் ஆபத்தான நாள். படகுத்துறையில் அதிகக் கவனம் தேவைப்படுவது பனி இறுகும் இரவில் அல்ல. பனி இளகும் பகலில்.

திருவள்ளுவர் பகையைப் பற்றிப் பல அதிகாரங்கள் பாடியவர், உட்பகைக்கு என்று தனியே ஓர் அதிகாரம் வைத்தார். அது ஏன் என்பதைப் படகைப் பார்த்த பிறகு நான் நன்றாக அறிந்துகொண்டேன். வெளியே நிற்கும் பனியைக் கழியால் குத்தலாம், குமிழியால் விலக்கலாம், நான்சனைப்போல் உருண்டையாகக் கட்டி ஏமாற்றலாம். உள்ளே தங்கிய ஓர் உள்ளங்கைத் தண்ணீரை மட்டும் தேடிப் போய்த்தான் அகற்ற வேண்டும். அது சப்தம் போடாது. தன்னால் உண்டான பிளவைத் தானே மறைத்துக்கொள்ளும். குடும்பத்தில் ஆறப்போட்ட மனஸ்தாபங்களும், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மூடி வைத்த கணக்குகளும் இந்த ஜாதியைச் சேர்ந்தவைதாம் என்று என் தாயார் அபிப்பிராயப்பட்டாள். படகைப் பற்றி நான் சொல்லி முடித்ததும் அவள் சொன்ன ஒரே வார்த்தை அது.

மே மாதம் மாப்பிள்ளையின் படகு மறுபடியும் நீரில் இறங்கிற்று. தக்கையைத் திருகி மூடினார்கள். பளுதூக்கி படகை ஏரியில் இறக்கியது; ஆனால் வார்ப்பட்டையைக் கழற்றவில்லை. கிழவர் ஒரு கைவிளக்கோடு உள்ளே இறங்கி, ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்து, அதன் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பதினைந்து நிமிஷம், அரைமணி நேரம் ஆயிற்று. அவருக்குப் பக்கத்தில் என் மருமகள், மீன் தொட்டியின் குழாயைத் தன்னுடைய தனிப் பொறுப்பாக ஏற்றுக்கொண்டு, அதன் கீழே தன் விரலை வைத்துக்கொண்டிருந்தாளாம். மறு ஞாயிறு தொலைபேசியில் அவளே எனக்கு அறிவித்தாள்: "மாமா, விரல் நனையவே இல்லை!"